நீ வெட்டின ஏழு நிமிசம்

மகன்,

கானாவில, அக்கராவில இறங்கிட்டன் எண்டு நீ அனுப்பின செய்தியை விடியத்தான் பாத்தனான். சுகமாப் போய்ச் சேர்ந்தது சந்தோசம். இனி நான் எழுதிறதை ஆறுதலா இருந்து வாசி. இது போனில சொல்லுற விசயம் இல்லை. போன் எண்டால் நீ இடையில ‘ஓகே அம்மா, ஓகே அம்மா’ எண்டு சொல்லிக் கதையை முடிச்சுப்போடுவாய். திங்கக்கிழமை எயார்போர்ட்டில, உள்ள போற வரிசையில நிண்டுகொண்டு, என்ர கையைப் பிடிச்சு ஒண்டு கேட்டனி. ‘அம்மா, குணம் அங்கிள் ஆக்களிட்ட ஒரு சொறி மட்டும் சொல்லிவிடுங்கோ. ஆறு மாசம் நான் இல்லை, நீங்கள் தனிச்சுப் போயிடக்கூடாது’ எண்டனி. உன்ர கண் கலங்கியிருந்தது. நானும் ஓம் எண்டு சொன்னன். பிள்ளை பிளேன் ஏறப்போற நேரம் தாய் வேற என்ன சொல்லுறது? ஆனா வீட்டை வந்து, சப்பாத்தைக் கழட்ட முதலே அந்த ஓமைத் திருப்பி எடுத்திட்டன். நான் சொறி சொல்ல மாட்டன். குணம் அண்ணை வெக்ஸ்போர்ட்டில இருக்கிற எங்கட தமிழ் ஆக்களின்ர மண்டபத்துக்குச் செயலாளரா இருக்கட்டும், இன்னும் இருபது வருசம் இருக்கட்டும். அவரிட்ட நான் மன்னிப்புக் கேக்க ஒரு காரணமும் இல்லை. மன்னிப்புக் கேக்கவேண்டிய இடம் எனக்கு இருந்தது உண்மை. அது வேற இடம்.

நீ இன்னொண்டும் கேட்டனி. ‘ஏனம்மா இதை முதலே எனக்குச் சொல்லேல்லை?’ எண்டு. சனிக்கிழமை மண்டப மேடையில நிண்டு நான் சொன்னது பத்து வசனம் இருக்கும். நீ மேல புரொஜெக்டர் அறைக்குள்ள இருந்து கேட்டது அதுதான். மிச்சத்தை இப்ப எழுதிறன். கெட்டதையும் ஒளிக்காமல் எழுதிறன். உனக்கு முப்பத்திநாலு வயது. தாயைப் பற்றி நல்லதை மட்டும் தெரிஞ்சு வைச்சிருக்கிற வயது தாண்டிப் போச்சு.

நீ ஆறாம் வகுப்புப் படிக்கேக்க நாங்கள் பார்க்டேலில இருந்தம். மாசிமாசம் பள்ளிக்கூடத்தில கறுப்பின வரலாற்று மாதத்துக்கு ஒரு நாடகம் போட்டவை. அதில கதைசொல்லியா உன்னைத்தான் ரீச்சர் தெரிஞ்செடுத்தவ. உனக்குக் குரல் நல்லம் எண்டு. நீ ரெண்டு கிழமை குளிக்கேக்கயும் சாப்பிடேக்கயும் அந்த வசனங்களைச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனி. அப்ப வீட்டை வந்த ஆக்கள் சிரிச்சவை. ‘என்ன, உங்கட பெடியனைக் கறுவலாக்கப் போறியளோ?’ எண்டு கேட்டவை. நானும் சேந்து சிரிச்சன். நாடகம் நடக்கிற அண்டைக்குக் காலமை உனக்குக் காய்ச்சல் எண்டு கடிதம் எழுதி அப்பாட்டக் குடுத்துவிட்டனான். அண்டைக்கு உனக்குக் காய்ச்சல் இல்லை மகன். நீயும் நெத்தியில கையை வைச்சுப் பாத்து, ‘சுடேல்லையே அம்மா’ எண்டு ரெண்டு தரம் கேட்டனி. நான் பனடோலைத் தந்து உன்னைப் படுக்கவிட்டனான். இல்லாத வருத்தத்துக்குப் பிள்ளைக்கு மருந்தைக் குடுத்துப் படுக்க வைச்ச தாய் நான். இதுக்குப் பிறகு நீ வளந்து, படம் எடுக்கப் படிச்சு, போய் நிண்ட இடமும் அந்தக் கதைசொல்லுற ஆக்களிட்டத்தான். தாய் அடைச்ச கதவைப் பிள்ளை வேற பக்கத்தால திறந்திட்டான் எண்டு எனக்குள்ள ஒரு பெருமை. அந்தப் பெருமைக்கு எனக்கு உரிமை இல்லாட்டிலும் பெருமைதான்.

எஸ்தர் அன்ரியை உனக்குப் படத்துக்காகப் பழகின ரெண்டு வருசமாத்தான் தெரியும். எனக்கு இருபது வருசம். வயதுபோன ஆக்களைப் பாக்கிற நேர்சிங் ஹோமில, மூண்டாம் மாடியில நாங்கள் ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்ட். அவ கானாவில இருந்து வந்தவ, நான் மன்னாரில இருந்து. குளிக்க வாக்கிறது, உடுப்பு மாத்திறது, சாப்பாடு தீத்திறது, தூக்கி இருத்திறது எல்லாம் ஒண்டாத்தான். ஒரு ஆளைக் கட்டிலால கதிரைக்கு மாத்தேக்க ரெண்டு பேரும் ஒரே மூச்சில தூக்கவேணும், இல்லாட்டி ஒருத்தியின்ர இடுப்பு நாரி போயிடும். அப்பிடிப் பாத்தால் நாங்கள் ரெண்டு பேரும் எத்தினை ஆயிரம் தரம் ஒரே மூச்சு விட்டிருப்பம். ஆனா சாப்பாட்டு நேரத்தில நான் தமிழ் ஆக்களோட ஒரு மேசையில, அவ அவையின்ர ஆக்களோட வேற மேசையில. அது பிழை எண்டு எனக்கு ஒருநாளும் தோணினதில்லை.

அந்த மாடியில எங்கட தமிழ் ஐயா ஒருத்தர் இருந்தவர். கால் ஏலாது, அறிவு நல்லாத் தெளிவு, எப்பவாவது பேர் மாறும், அவ்வளவுதான். நீ யூனிவேர்சிற்றியில முதல் வருசம் படிச்ச நேரம் அது. ஒரு பின்னேரம் நான்தான் ஐயாவை வீல்செயாரில தள்ளிக்கொண்டு வந்து ரிவி இருக்கிற பெரிய அறையில யன்னலடியில விட்டனான். அந்த நேரம் வேற அறையில மணி அடிச்சுது, ஓடிட்டன். பிரேக் போடேல்லை. ஐயா வெளியில பனி பாக்க எழும்பினவர். கதிரை பின்னால வழுக்க, அவர் முன்னால விழுந்திட்டார். நெத்தி பிளந்து ரத்தம். அடுத்த மேசையில ஒரு ஆளுக்குத் தீத்திக்கொண்டிருந்த எஸ்தர் அன்ரி ஓடிவந்து, நிலத்தில இருந்து, ஐயாவை மடியில அணைச்சுத் தூக்கப் பாத்தவ. அந்த நேரம் பாத்து லிஃப்ட் திறந்து, சோத்துக் கரியரோட ஐயாவின்ர மகள் வசந்தி அக்கா வாறா. அவ கண்டது ரத்தத்தோட தேப்பனையும், அவரைப் பிடிச்சிருக்கிற எஸ்தர் அன்ரியின்ர கையையும்தான். ‘கறுவல் அப்பாவைத் தள்ளிப்போட்டாள்’ எண்டு கத்தினா. மாடி முழுக்கக் கேட்டது. நான் ஓடிவந்து பாத்த முதல் சாமான் அந்தக் கதிரையின்ர பிரேக். அது மேல நோக்கித் திறந்தபடி நிண்டது. காலால தட்டிப் போட்டன். ஒருத்தரும் காணேல்லை.

அடுத்த நாள் காலமை சுப்பவைசர் ஐயாவின்ர கட்டிலடிக்கு என்னைக் கூப்பிட்டா. வசந்தி அக்காவை வெளியில இருக்கச் சொல்லிப்போட்டினம். எஸ்தர் அன்ரி கதவடியில கையைக் கட்டிக்கொண்டு நிண்டவ. ஐயாவுக்கு இங்கிலீஷ் வராது, நான்தான் மொழிபெயர்க்கவேணும். ‘இவ உங்களைத் தள்ளினவவோ?’ எண்டு கேக்கச் சொன்னா. நான் கேட்டன். ஐயா தலையில கட்டோட என்னைப் பாத்து, ஒரு சொல்லும் தடுமாறாமல் சொன்னவர்: ‘அவ இல்லைப் பிள்ளை. அவ தூக்க வந்தவ. கதிரைதான் வழுக்கினது. அதுக்குப் பூட்டுப் போட மறந்திட்டினம்.’ போட மறந்தது நீதான் எண்டு சொல்லேல்லை. என்னைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னாரோ எண்டு இண்டைக்கும் யோசிப்பன். சுப்பவைசர் பேனையோட என்ர வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. நான் இங்கிலீஷில சொன்னன்: ‘தனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லையாம்.’ அவ எழுதினா.

ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு நீ கேப்பாய். பயம்தான். நான் அப்ப இன்னும் நிரந்தரமாகேல்லை, அப்பாவுக்கு முதல் தரம் நெஞ்சு வருத்தம் வந்து ஒரு மாசம். ஆனா பயம் மட்டும் எண்டு சொன்னால் இதுவும் ஒரு அரைகுறை மொழிபெயர்ப்பு ஆயிடும். எஸ்தர் அன்ரியின்ர இடத்தில ஒரு தமிழ்ப் பிள்ளை நிண்டிருந்தால், இல்லை ஒரு வெள்ளைக்காரி நிண்டிருந்தால், அந்தப் பொய் என்ர வாயில வந்திராது. எல்லாரும் நம்பத் தயாரா இருந்தவை. நான் ஒண்டும் புதுசாக் கட்டத் தேவையிருக்கேல்லை. அவவின்ர நிறம் எனக்கு ஒளிக்க இடம் தந்தது. நான் ஒளிச்சன்.

அஞ்சு கிழமை அவவை வீட்டில இருக்கச் சொல்லிப்போட்டினம். பேந்து, ஒண்டும் நிரூபிக்கேல்லை எண்டு திருப்பிக் கூப்பிட்டவை. ஆனா சில குடும்பங்கள், எங்கட ஆக்கள்தான் கூட, அவ எங்கட பெரியாக்களைத் தொடக்கூடாது எண்டு எழுதிக் குடுத்திட்டினம். குளிக்க வாக்கேலாது, தீத்தேலாது. அப்ப என்ன செய்யிறது? பின்னேரம் நாலு மணிக்கு அந்தப் பெரிய அறையில எல்லாரும் அந்தரப்படுகிற நேரம். ‘வீட்டை போகவேணும், பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்கும்’ எண்டு கதவைத் தட்டுற நேரம். எஸ்தர் அன்ரி நடுவில ஒரு கதிரையைப் போட்டு இருந்து கதை சொல்லத் தொடங்கினா. தொடாமல் செய்யக்கூடிய வேலை அது ஒண்டுதான் எண்டு உன்ர படத்தில அவவே சொல்லுறா. பன்ரண்டு மொழி பேசுற மாடி. அவவின்ர இங்கிலீஷ் பாதிப்பேருக்கு விளங்காது. ஆனா கையால, கண்ணால, தோளால, முழு உடம்பாலயும் சொல்லுவா. ஆமை வந்தால் ஆமை, அரசன் வந்தால் அரசன். அவையின்ர முறையில கேக்கிற ஆள் சும்மா இருக்கத் தேவையில்லை. கதையின்ர நடுவில எவராவது எழும்பி, ‘நில்லு, அண்டைக்கு நானும் அங்கை இருந்தனான்’ எண்டு மறிச்சு ஒரு பாட்டைப் பாடலாம். கதை சொல்லுற ஆள் நிப்பாட்டித்தான் ஆகவேணும். வருசக்கணக்கா வாயே திறக்காத ஒரு வடமராட்சி அம்மா ஒருநாள் அப்பிடி மறிச்சுத் தேவாரத்தில ரெண்டு வரி பாடினா. எஸ்தர் அன்ரி அதுக்கும் கைதட்டித் தாளம் போட்டா. நான் துடைக்கிற துணியோட கதவடியில நிண்டு பாத்துக்கொண்டிருந்தன். உள்ள போகக் கால் வரேல்லை.

போன ஐப்பசியில நான் வேலையால நிண்டதும், உன்ர படம் முடியிற கட்டத்துக்கு வந்ததும் ஒரே கிழமை. நீ குசினி மேசையில லப்ரொப்பை வைச்சு எனக்குக் காட்டினனி. கதைசொல்லுறது, மேளம், கானாவில இருந்து இஞ்சை வந்த தாய்மார் நேர்சிங் ஹோமுகளில உழைச்ச கதை, எல்லாம் வடிவு. பேந்து அந்த ஏழு நிமிசம் வந்தது. எஸ்தர் அன்ரி கமெராவைப் பாக்காமல், தன்ர கையைப் பாத்துக்கொண்டு சொல்லுறா, ‘அஞ்சு கிழமை வீட்டில இருந்தன். எனக்காக ஒருத்தரும் கதைக்கேல்லை.’ நீ என்னைத் திரும்பிப் பாத்து, ‘அம்மா, நீங்களும் அங்கைதானே வேலை செய்தனீங்கள், நீங்களும் ஒண்டு சொல்லுங்கோவன், நான் எடுக்கிறன்’ எண்டனி. எனக்கு இங்கிலீஷ் வடிவா வராது எண்டு சொல்லி எழும்பிப் போய்க் கோப்பை கழுவினன். நீ சிரிச்சனி. தண்ணிச் சத்தத்தில நான் அழுதது உனக்குக் கேக்கேல்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிய நேரா எஸ்தர் அன்ரி இருக்கிற ரெக்ஸ்டேலுக்குப் பஸ் எடுத்தன். மூண்டு பஸ் மாறவேணும். அவ கதவைத் திறந்து, என்னைக் கண்டு ஆச்சரியப்பட்டமாதிரித் தெரியேல்லை. அடுப்பில ஏதோ கொதிச்சுக்கொண்டிருந்தது. நான் கோட்டும் கழட்டேல்லை, கதவடியில நிண்டபடியே தொடங்கிட்டன். பிரேக், ஐயா, நான் சொன்னது எல்லாம். முடியும்வரை அவ கரண்டியைக் கையில வைச்சுக்கொண்டு கேட்டா. பிறகு சொன்னா, ‘எனக்குத் தெரியும்.’

‘என்ன தெரியும்?’

‘தண்ணி. பசிக்குதா. நோகுதா. ஓம். இல்லை. அவை கேக்கிறது விளங்கவேணும் எண்டு நான் படிச்ச தமிழ் இவ்வளவுதான். அண்டைக்கு அந்தக் கதவடியில நிண்டு நான் கேட்ட முதல் சொல், அவ இல்லை. எனக்கு அது காணும்.’

மகன், பதினைஞ்சு வருசம். அது நடந்த பிறகும் அவ்வளவு காலமும் அவ என்னோட ஒரே மூச்சில ஆக்களைத் தூக்கியிருக்கிறா. அப்பாவின்ர செத்தவீட்டுக்கு வந்து கடைசி வாங்கில இருந்திட்டுப் போயிருக்கிறா. ‘ஏன் ஒண்டும் கேக்கேல்லை?’ எண்டன். ‘நீ எவ்வளவு காலம் எடுப்பாய் எண்டு பாத்தன். கனகாலம் எடுத்திட்டாய்’ எண்டா. நான் மன்னிப்புக் கேட்டன். அவ மன்னிச்சன் எண்டு சொல்லேல்லை. கரண்டியால வெளியில காட்டி, ‘என்னட்ட ஏன் சொல்லுறாய்? எனக்குத் தெரிஞ்ச கதை. தெரியாத ஆக்களுக்குச் சொல்லு’ எண்டா. அவ்வளவுதான். சாப்பிடச் சொல்லேல்லை. நான் திரும்பி மூண்டு பஸ் எடுத்தன்.

இனி உன்ர பிழைக்கு வாறன். என்ர பிழை எவ்வளவு பெரிசு எண்டு சொல்லிப்போட்டுத்தான் உன்ர பிழையைச் சொல்லுறன், அதனால கோவிக்காமல் கேள். கறுப்பின வரலாற்று மாதத்துக்கு மண்டபத்தில உன்ர படம் போடுற நிகழ்ச்சிக்கு மூண்டு நாள் இருக்கேக்க குணம் அண்ணை எனக்குப் போன் எடுத்தவர். ‘தங்கச்சி, கதை சொல்லட்டும், மேளம் அடிக்கட்டும், சாப்பாடு குடுப்பம், படத்தையும் போடுவம். ஆனா எங்கட ஆக்களை நாறடிக்கிற துண்டு ஒண்டு இருக்காம். அது வேண்டாம். மகனிட்டயும் சொல்லிப்போட்டன்’ எண்டார். நான் உன்னைக் கேட்டன். நீ கணினியில இருந்து முகத்தை எடுக்காமல், ‘ஏழு நிமிசம்தானே அம்மா. மண்டபம் இல்லாட்டி நிகழ்ச்சியே இல்லை. எஸ்தர் அன்ரியிட்டயும் கேட்டிட்டன், உன்ர படம் மகன், உன்ர விருப்பம் எண்டவ’ எண்டனி. அது சம்மதம் இல்லை மகன். அது களைப்பு. வாழ்க்கை முழுக்க இப்பிடிக் கேக்கிற ஆக்களுக்கு மறுமொழி சொல்லிக் களைச்ச மனுசியின்ர குரல் அது. அந்தக் களைப்பை அனுமதி எண்டு எழுதி வைக்காதை, ஒருநாளும். இதை நான் அறிவுரையாச் சொல்லேல்லை. நானும் ஒருக்கா, ஒரு கட்டிலடியில, ஒரு ஆள் சொன்னதை எனக்கு வசதியா மாத்தி எழுத வைச்சவள். அதனால சொல்லுறன்.

சனிக்கிழமை மண்டபம் நிறைஞ்சது உனக்குத் தெரியும். கதிரை காணாமல் சுவரோரம் நிண்டவை. ஒருபக்கம் எங்கட ரோல்ஸ், மற்றப்பக்கம் எஸ்தர் அன்ரி ஆக்கள் சமைச்ச சிவப்புச் சோறு. குணம் அண்ணை மைக்கைப் பிடிச்சு, ‘கறுப்பினச் சகோதரர்களின் வரலாற்றைக் கொண்டாடுவதில் பெருமையடைகிறோம்’ எண்டு எழுதிக்கொண்டு வந்ததை வாசிச்சார். எல்லாரும் கைதட்டினம். பேந்து எஸ்தர் அன்ரி ஏறினா, அவவின்ர பெறாமகள் மேளத்தோட பக்கத்தில. ஆத்தில தன்ர பிள்ளை மூழ்கிப்போச்சு எண்டு, இனி ஒருத்தரும் ஆத்தின்ர பேரைச் சொல்லக்கூடாது எண்டு சட்டம் போட்ட அரசனின்ர கதை. பேரைச் சொல்லேலாமல் சனம் தண்ணிக்கு வழி கேக்கத் தெரியாமல் அலையுது. கடைசியில தவளையள் மட்டும் சட்டத்துக்குப் பயப்பிடாமல் இரவு முழுக்க அந்தப் பேரைக் கத்துதுகள். அவ தவளையாக் குந்தி அரசனை முழிச்சுப் பாத்த நேரம் குணம் அண்ணையே வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சவர். உன்ர கமெராவில அதுவும் இருக்கும்.

பேந்து லைற் நூந்து படம் தொடங்கினது. நான் நாலாவது வரிசையில. எனக்கு முன்னால, ரெண்டு வரிசை தள்ளி, வசந்தி அக்கா இருந்தவ. அவ வருவா எண்டு நான் எதிர்பாக்கேல்லை. திரையில எஸ்தர் அன்ரி ‘ஒருநாள் மூண்டாம் மாடியில’ எண்டு தொடங்கினா, உடனை படம் தாவி, அவ நாலு மணிக்குக் கதிரை போட்டுச் சிரிச்சுக்கொண்டு கதை சொல்லுறா. அந்தச் சிரிப்புக்கு முன்னால என்ன இருந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. சனம் சந்தோசமாப் பாக்குது. நான் எஸ்தர் அன்ரியைத் திரும்பிப் பாத்தன். அவ திரையைப் பாக்கேல்லை, தன்ர கையைப் பாத்துக்கொண்டு இருந்தா. அதைக் கண்டாப் பிறகு என்னால இருக்க ஏலாமல் போச்சு. எழும்பிச் சுவரடிக்குப் போய் லைற்றைப் போட்டன். மேல உன்ர யன்னலைப் பாத்து நிப்பாட்டு எண்டு கையைக் காட்டினன். நீ நிப்பாட்டினனி. அதுக்கு உனக்கு நன்றி சொல்லவேணும். நிப்பாட்டாமல் விட்டிருக்கலாம். மேடையில ஏறி மைக்கை எடுத்து, என்ர வாயில முதல் வந்ததைச் சொன்னன்: ‘நில்லுங்கோ. அண்டைக்கு நானும் அங்கை இருந்தனான்.’

மிச்சம் நீ கேட்டனி. பிரேக் போடாதது நான், ஐயா சொன்னது இது, நான் மாத்திச் சொன்னது இது, அதுக்குத் தண்டனை அனுபவிச்சது இந்த மனுசி. தமிழில சொன்னன், எங்கட ஆக்களுக்குச் சொல்லவேண்டியபடியால். குணம் அண்ணை மேடைக்கு வந்து, ‘தங்கச்சி, இது இதுக்கான இடம் இல்லை, இறங்குங்கோ’ எண்டார். ‘அப்ப எந்த இடம் அண்ணை?’ எண்டு கேட்டன். அவர் கையைக் காட்ட மைக்கை நூத்திட்டினம். நான் கத்திச் சொன்னன். சனம் எழும்பிச் சத்தம் போடத் தொடங்க, என்ர குரல் எனக்கே கேக்கேல்லை. அப்பதான் எஸ்தர் அன்ரி இருந்த இடத்தில இருந்தே கைதட்டிப் பாடத் தொடங்கினா, பெறாமகள் மேளத்தில சேந்தா. கதைசொல்லுற ஆள் மூச்செடுக்கிறதுக்குப் பாடுற பாட்டு அது. மண்டபம் அடங்கினது. நான் மூச்செடுத்து மிச்சத்தையும் சொல்லி முடிச்சன்.

பாதிப்பேர் வெளிக்கிட்டவை. வாசலடியில நடந்தது நீ காணேல்லை. இருபத்தைஞ்சு வருசமாப் பழகின ஒரு மனுசி என்ர முகத்தைப் பாக்காமல் கோட்டைப் போட்டா. இன்னொருத்தர், ‘எங்கட சனம் பட்டபாடு கொஞ்சமோ, அவையின்ர கதையைத் தூக்கிப்பிடிக்க வந்திட்டா’ எண்டார். குணம் அண்ணை, ‘இனி இந்த மண்டபத்தில உங்களுக்கு அலுவல் இல்லை’ எண்டார். நான் அவருக்குச் சொன்னதை உனக்கும் சொல்லுறன். நாங்கள் பட்டபாட்டைக் கேக்க ஒருத்தரும் இல்லை எண்டு உலகம் முழுக்கப் போய் அழுகிறம். கேக்கச் சொல்லி றோட்டில நிண்டிருக்கிறம். அப்பிடிப்பட்ட நாங்கள் இன்னொருத்தி தன்ர கதையைச் சொல்ல வந்தால், மேளத்தை அடி, சோத்தைத் தா, நோவை மட்டும் வீட்டில விட்டிட்டு வா எண்டு சொல்லுறம். வரலாற்றைக் கொண்டாடுறம் எண்டு பதாகை கட்டிப்போட்டு, வரலாறு வாயைத் திறக்கேக்க மைக்கை நூக்கிறம். அதை நான் ஏற்கமாட்டன். மண்டபத்தால வெளியில நிக்கிறது எனக்கு ஒரு நட்டமும் இல்லை. மாசிமாசக் குளிர் கன்னத்தில அறைஞ்சுது, ஆனா எனக்குச் சுகமாத்தான் இருந்தது.

நீ போன அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, கதவு மணி அடிச்சுது. வசந்தி அக்கா. சண்டைக்குத்தான் வந்தா எண்டு நினைச்சு, நானும் ஆயத்தமாத்தான் கதவைத் திறந்தன். அவ உள்ள வந்து, கதிரை நுனியில இருந்து, கையுறையைக் கழட்டாமல் கேட்டா, ‘அப்பா உண்மையா அப்பிடிச் சொன்னவரோ?’

‘ஓம்.’

‘அவர் சொன்னமாதிரியே சொல்லும். ஒண்டும் மாத்தாமல்.’

சொன்னன். அவ இல்லைப் பிள்ளை, அவ தூக்க வந்தவ, கதிரைதான் வழுக்கினது, அதுக்குப் பூட்டுப் போட மறந்திட்டினம். வசந்தி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. ‘தடுமாறாமல் சொன்னவரோ?’ எண்டு திருப்பிக் கேட்டா. ஓம் எண்டன். ‘அப்பாவுக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை எண்டு சுப்பவைசர் எங்களுக்குச் சொன்னவ. அண்டையோட அவருக்கு அறிவு போச்சு எண்டு நாங்கள் முடிவெடுத்திட்டம். பிறகு ரெண்டு வருசம் இருந்தவர். நோகுது எண்டு சொல்லுவார், அது சும்மா எண்டு விட்டிடுவம். அந்தக் கறுத்தப் பிள்ளை நல்லது எண்டு சொல்லுவார், அப்பா தட்டுக்கெட்டுக் கதைக்கிறார் எண்டு சிரிப்பம். அவர் சொன்ன ஒண்டையும் நாங்கள் நம்பேல்லை’ எண்டா.

மகன், எஸ்தர் அன்ரிக்கு நான் செய்ததைத்தான் இவ்வளவு காலமும் சுமந்தன். எங்கட ஐயாவின்ர வாயையும் நான்தான் அடைச்சன் எண்டது செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரியும். ஒருத்தியைத் தள்ளிவைக்கச் சொன்ன பொய் எங்கட வீட்டுக்குள்ளயும் வந்து இருந்திருக்கு. வசந்தி அக்கா என்னை மன்னிக்கேல்லை, நானும் அதைக் கேக்கேல்லை. போகேக்க, ‘அந்த மனுசியைப் பாக்கவேணும், நான் சொன்ன சொல்லுக்கு’ எண்டா. எஸ்தர் அன்ரிக்குப் போன் எடுத்துச் சொன்னன். ‘வரட்டும். சொல்லுறதைக் கேக்கிறன். வேற ஒண்டுக்கும் நான் வாக்குத் தரமாட்டன்’ எண்டா. சரியான பேச்சு. வாற ஞாயிறு வசந்தி அக்கா தனியத்தான் போறா. நான் கூடப் போகேல்லை, அவையளுக்கு இடையில இனி மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

நான் தனிச்சுப் போகேல்லை மகன், பயப்பிடாதை. நேற்று மூண்டாம் மாடியில என்னோட வேலை செய்த பிள்ளையள் அஞ்சாறு பேர் வந்தவை, ரெண்டு தமிழ், மிச்சம் கானாவும் ஜமேக்காவும் பிலிப்பைன்ஸும். நூலகத்தில கூட்ட அறை கேட்டிருக்கிறம். எஸ்தர் அன்ரி மாசத்தில ஒரு சனிக்கிழமை கதை சொல்லுவா, விரும்பின ஆள் மறிக்கலாம். குணம் அண்ணைக்கும் அழைப்பு அனுப்புவன். வாறதும் விடுகிறதும் அவரின்ர விருப்பம்.

நீ அங்கை ஆரின்ர வீட்டு முற்றத்திலயோ திரை கட்டிப் படம் போடப்போறாய். அவை கேக்கிற கேள்விக்கு நல்ல பிள்ளையா மறுமொழி சொல்லு, சிரிக்க வேண்டிய இடத்தில சிரி, தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லு. ஆனா அந்த ஏழு நிமிசத்தை வெட்டின இடத்திலயே திருப்பி வை. எஸ்தர் அன்ரியைக் கேட்டிட்டன். இந்த முறை ‘உன்ர விருப்பம்’ எண்டு சொல்லேல்லை, ‘வைக்கச் சொல்லு’ எண்டுதான் சொன்னவ. அதுக்குப் பின்னால என்னையும் வை. இதோட ஒரு வீடியோ அனுப்புறன், குசினி மேசையில போனைச் சாத்தி வைச்சு நானே எடுத்தது. வெளிச்சம் சரியில்லை எண்டு சொல்லுவாய், பரவாயில்லை. என்ர முழுப்பேர், நான் செய்த வேலை, நான் சொன்ன பொய், எல்லாம் தமிழில சொல்லியிருக்கிறன். கீழ இங்கிலீஷில எழுதிறது உன்ர வேலை. அம்மா எண்டு பாத்து மென்மையாக்காதை. நான் சொன்னதை, சொன்னபடியே எழுது.

உன்ர அம்மா